உலைக்கு வந்த காசிச் சொம்பு

நடந்தது இந்த வரிசையில்:

1. மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் உள்ள சின்னப் பிள்ளையார் கோயிலில் வெண்கல மணி விரிசல் விட்டது.
2. அதை உருக்கிப் புதிதாக வார்த்துத் தருவதாக நம் ஆய்வுக்கூட இயக்குநர் ஒப்புக்கொண்டார். அவர் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் பூங்காவில்தான் அந்தக் குடியிருப்பின் செயலாளரும் நடக்கிறார். என்னைக் கேட்கவில்லை.
3. குருக்கள் நல்ல நேரம் குறித்தார். உலையைக் கேட்கவில்லை.
4. பக்தர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள்.
5. வெண்கலம் உருகித் தயாராக இருந்தபோது, மூடியை ஈயத்தால் அடைத்த ஒரு செம்புச் சொம்பு உலையை நோக்கி வந்தது. அதற்குள் தண்ணீர் இருந்தது.

ஐந்தாவதைப் படித்ததும் நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளியிருந்தால் உங்களை உலைக்கு அனுப்பலாம். தள்ளவில்லை என்றால் மேலே படியுங்கள்.

அடுத்த வாரம் முதல் நான் மேல்மாடி நுண்ணோக்கி அறைக்குப் போகிறேன், உலையில் என் இடத்துக்கு நீங்கள் வருகிறீர்கள். உலையிலிருந்து நான் பெறும் ஓய்வு இது. இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் அறிவுரை சொல்வதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் தனசேகர் சொல்லித்தருவார். பொத்தான் எதுவும் இல்லாத சமயங்களைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

தனசேகர் நம் உலையை இயக்குபவர். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்து, இப்போது பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறித் தரமணிக்கு வருகிறார். தன்னால் முடியாதது எதுவும் இல்லை என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கை சில சமயம் சரியாகவும் இருக்கும்.

நம் உலை சோதனைக்காக வாரத்தில் பாதி நாள் கல்லை உருக்குகிறது, பாதி நாள் உலோகத்தை உருக்குகிறது. இரண்டுக்கும் குணம் வேறு. மழையில் நனைந்த கருங்கல் ஜல்லியைப் போட்டால், அது உருகுவதற்கு முன்பே பொரி வறுப்பது போலப் படபடவென்று தெறிக்கும். திட்டும், ஆனால் திட்டிவிட்டுத்தான் அடிக்கும். உருகிய உலோகம் அப்படி அல்ல. அது அமைதியாக, ஆரஞ்சு நிறத்தில், பாயசம் போல அசைந்துகொண்டிருக்கும். அதற்குள் ஒரு மூடிய பாத்திரத்தில் தண்ணீர் போனால், தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகும். ஆவிக்குப் பாத்திரத்தில் இடம் போதாது. அது பாத்திரத்தையும் கிழித்து, சுற்றியுள்ள உலோகத்தையும் அள்ளிக்கொண்டு வெளியே வரும். எதிரில் நிற்பவர் மேல் வரும். உலைப் பணியில் இருக்கிறவர்கள் ஆயுள் முழுக்கப் பயப்பட வேண்டியது நெருப்புக்கு அல்ல. தண்ணீருக்கு.

இப்போது மணி.

விரிசல் விட்டதற்குக் காரணம் செயலாளர் ராமநாதன் சார்தான் என்று குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பூஜை நேரத்தில் மணியடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று, சுவிட்ச் போட்டால் தானே மணியடிக்கும் மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டினார். அது பக்தியோடு அடிக்கவில்லை, பகையோடு அடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மணி "டண்" என்பதற்குப் பதில் "டப்" என்றது. அதனால் புது மணி விஷயத்தில் சார் மிகுந்த ஆர்வம் காட்டினார்.

கோயில் மணியோ விக்கிரகமோ வார்க்கும்போது பக்தர்கள் ஆளுக்குக் கொஞ்சம் உலோகம் போடுவது வழக்கம். தங்கள் வீட்டிலிருந்து ஒரு துளியாவது சாமியிடம் சேர வேண்டும் என்ற ஆசை. நியாயமான ஆசை. ஆகவே செயலாளரின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி நான் ஒரு பட்டியல் அனுப்பினேன். செம்பு, பித்தளை, வெண்கலம், வெள்ளி, தங்கம் சரி. எவர்சில்வர், இரும்பு, அலுமினியம் வேண்டாம். ஈரமான பொருள் எதுவும் கூடவே கூடாது. செயற்கை இழைத் துணி உடுத்தி வர வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல பட்டியல்தான். இன்றைக்கும் அதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. பிரச்சினையே அதுதான்.

வாசலில் ஒரு மேசை போட்டு, குங்குமம், சந்தனம் வைத்து, வருகிற உலோகத்தை நானும் தனசேகரும் வாங்கிக்கொண்டோம். வாங்கியதையெல்லாம் உலர்த்தும் அடுப்பில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் உலைக்குப் போகும். மெட்டி வந்தது. பித்தளைக் குத்துவிளக்கின் அன்னப்பறவை மட்டும் வந்தது. காஸ் அடுப்பின் பர்னர் வந்தது. ஒரு குளியலறைக் குழாய் வந்தது. ஒருவர் கூழாங்கல் கொண்டுவந்தார்.

"சார், கல்லு போட்டா மேல மெதக்கும் சார், சாம்பார்ல அப்பளம் மாதிரி," என்றார் தனசேகர்.

"இங்கே கல்லும் உருக்கறதா சொன்னாங்களே?"

"அது வேற நாள் சார். இன்னிக்கி வெங்கல மெனு."

ஒரு பாட்டில் மூடி, இரண்டு சாவி, ஒரு எவர்சில்வர் டம்ளர் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்தேன். எவர்சில்வர் அந்தச் சூட்டில் உருகாது, மணிக்குள் டம்ளர் டம்ளராகவே இருக்கும் என்று விளக்கினேன்.

புடவை விஷயம் நான் எதிர்பார்க்காத திசையில் போனது. "இது அசல் பட்டுதானே?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். பாதுகாப்புக் கேள்வி. ஆனால் மயிலாப்பூர்ப் பெண்மணியிடம் வாசலில் வைத்து அப்படிக் கேட்கக் கூடாது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. செயலாளரின் மனைவி கொதித்துவிட்டார்.

"தி. நகர்ல இவரே போய் எடுத்துண்டு வந்தது. பியூர் சில்க். வேணும்னா டெஸ்ட் பண்ணிக்கோ."

நான் வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. முந்தானை நுனியிலிருந்து ஓர் இழையை அவரே பிடுங்கிக் கொடுத்தார். கொளுத்தினேன். பட்டு என்றால் முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும். அந்த இழை சுருண்டு, உருகி, நுனியில் ஒரு கறுப்பு மணியாக நின்றது. எல்லோரும் அந்தக் கறுப்பு மணியைப் பார்த்தார்கள். பிறகு செயலாளரைப் பார்த்தார்கள்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் போல," என்றார் ராமநாதன் சார், உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"எந்தக் கடைக்காரன்? பில்லு எங்கேன்னு கேட்டதுக்கு அன்னிக்கே முழிச்சேள்," என்றார் மனைவி. அவரைப் பருத்தி மேலங்கி போடச் சொல்லி, எல்லோருக்கும் பின்னால் நிற்கவைத்தேன். அன்று நடந்த விஷயங்களில் இயக்குநர் இன்றுவரை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதை மட்டும்தான்.

பழைய மணி துண்டு துண்டாக உலைக்குள் போய் உருகியது. உலையைச் சுற்றித் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே எல்லோரும் வரிசையாக நின்றார்கள். குருக்கள் மந்திரம் சொல்லத் தொடங்கினார். அடுப்பிலிருந்து எடுத்த உலோகங்களைத் தனசேகர் நீண்ட இடுக்கியால் ஒவ்வொன்றாகப் போட்டார். போட்டவற்றின் சொந்தக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லாம் பட்டியல்படி நடந்தது.

அப்போதுதான் லலிதா மாமி வந்தார்.

அவரும் அவர் கணவரும் வேனைத் தவறவிட்டு, ஆட்டோவில் ஏறி, மத்திய கைலாஷ் சிக்னலில் நெடுநேரம் நின்று வந்திருந்தார்கள். மாமா மூச்சு வாங்குகிறது என்று வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேசையில் யாரும் இல்லை. மாமி ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி, கூட்டத்தை விலக்கி, மஞ்சள் கோட்டையும் தாண்டி நேராக நடந்தார். எழுபது வயது இருக்கும். நடை மட்டும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவரின் நடை.

"நன்னா உருகிடுத்தா? வந்துட்டேன், வந்துட்டேன். இதையும் போட்டுடறேன்."

பையிலிருந்து சொம்பை எடுத்தார். கை மாற்றியபோது அது "களக்" என்றது.

உலையருகில் கத்தக் கூடாது. இதைத் தனியாக எழுதி ஒட்டிவையுங்கள். கத்தினால் மனிதர்கள் செய்வது ஒன்றுதான்: திடுக்கிட்டுக் கையில் இருப்பதை விடுவார்கள். கையில் இருப்பது எங்கே விழும் என்று சொல்ல முடியாது. நான் கத்தவில்லை. மாமிக்கும் உலைக்கும் நடுவில் போய் நின்றேன். பின்னால் கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினேன். தனசேகர் உலையின் மேல் மூடியை இழுத்துப் போட்டு, மின்சாரத்தைக் குறைத்தார். மூடி விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு முதுகு இருப்பது தெரிந்தது.

"மாமி, அதுக்குள்ளே தண்ணி இருக்கா?"

"தண்ணியா? கங்கைடி கொழந்தே! காசிலேர்ந்து கொண்டுவந்த சொம்பு."

"இந்த உலைக்கு கங்கையும் தண்ணிதான் மாமி. ஈரமா எதுவும் வேண்டாம்னு குரூப்ல போட்டிருந்தோமே."

"பார்த்தேனே. அதனாலதான் காலம்பறவே நன்னா துடைச்சு, மொட்டை மாடில வெயில்ல காய வெச்சு எடுத்துண்டு வந்திருக்கேன். தொட்டுப் பாரு, எப்படிச் சுடறது!"

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. துளி ஈரம் இல்லை. என் பட்டியலை அந்தக் குழுவிலேயே மிகக் கவனமாகப் பின்பற்றியவர் அவர்தான். ஈரம் என்றால் எனக்கு உள்ளே, அவருக்கு வெளியே. பட்டியல் எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்: நீங்கள் எழுதுவது உங்களுக்குப் புரிகிறதா என்று பார்ப்பது எளிது. உங்களை எதிர்த்து வாதாட விரும்பாத, சொன்னபடி செய்ய ஆசைப்படுகிற ஒரு நல்ல மனுஷி அதை எப்படிச் செய்வாள் என்று பார்ப்பதுதான் வேலை.

"அதைக் குடுங்கோ மாமி, திறந்து தண்ணியை மட்டும் எடுத்துட்டு..."

"திறக்கப்படாது!"

அதுவரை குருக்கள் மட்டும்தான் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் நிறுத்திவிட்டார்.

காசிக்குப் போய் வருகிறவர்கள் கங்கை நீரைச் சின்னச் செம்புச் சொம்பில் அடைத்துக் கொண்டுவந்து பூஜை அலமாரியில் வைப்பதை நீங்கள் உறவினர் வீடுகளில் பார்த்திருக்கலாம். அதைச் சும்மா திறக்க மாட்டார்கள். வீட்டில் ஒருவர் உயிர் பிரியும் நேரத்தில் திறந்து, வாயில் ஒரு சொட்டு விடுவார்கள். மாமி என்னை ஓரமாக இழுத்து, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்காத்து மாமாக்கு போன வருஷம் ஆஸ்பத்திரி போயிட்டு வந்ததுலேர்ந்து இதே நினைப்பு. அலமாரிக்கு எதிர்லதான் நாற்காலியைப் போட்டுண்டு உக்காருவார். லேசா இருமினா, 'லலிதா, சொம்பை எடு'ம்பார். போன வாரம் விக்கல். விக்கலுக்குக் கங்கை கேக்கறார்டி! டாக்டர் இதயம் கல்லு மாதிரி இருக்குங்கறார். இவர் என்னடான்னா ராத்திரி எழுந்து டார்ச் அடிச்சு, சொம்பு இருக்கான்னு பார்க்கறார்."

"எங்கேயாவது எடுத்து வைக்கலாமே?"

"வெச்சேனே, அரிசி டின்னுல. அன்னிக்குப் பூரா சாப்பிடலை. தூக்கிப் போட்டா பாவம். யாருக்காவது குடுக்கலாம்னா, 'இந்தாங்கோ, நீங்க போறச்சே உதவும்'னு சொன்னா எவ வாங்கிப்பா? திறந்து கொட்டிடலாம்னா, திறந்தாச்சுன்னா யாரோ போகணும்னு அர்த்தம். மணில போயிடுத்துன்னா சாமியோட சேர்ந்துடும். இருக்கான்னு பார்க்கவும் முடியாது, எடுன்னு சொல்லவும் முடியாது. கெஞ்சிக் கேக்கறேன், அப்படியே போட்டுடு."

நான் பொறியியல் படித்தவள். இவ்வளவு சுத்தமாக வகுக்கப்பட்ட ஒரு சிக்கலை எந்த வினாத்தாளிலும் பார்த்ததில்லை. எறியக் கூடாது, கொடுக்கக் கூடாது, திறக்கக் கூடாது, வீட்டிலும் இருக்கக் கூடாது. உலை ஒன்றுதான் விடை என்று அவர் கண்டுபிடித்திருந்தார். திறக்காமல் போடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையை உலை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"மேடம்," என்றார் தனசேகர், "எவ்ளோ நேரம் மூடி வெச்சிக்கினு இருக்கறது? இன்னா, அடுப்புல சோறா கீது, கொழையட்டும்னு வுட?"

அவர் சொன்னது சரி. உருகிய வெண்கலத்தை ரொம்ப நேரம் காக்கவைத்தால் அது காற்றைக் குடிக்கும். வார்த்த மணி உள்ளே பஞ்சு போல ஓட்டையாகும். இன்னொரு பக்கம் குருக்கள் கைபேசியில் நேரம் பார்த்தார். ராமநாதன் சார் என் காதருகே வந்தார்.

"அம்மா, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? வாங்கி உங்க ரூம்ல வச்சுடுங்க. கையில வேற ஏதாவது செம்புத் துண்டை எடுத்துப் போட்டுட்டு, போட்டாச்சுன்னு சொல்லிடுங்க. மாமிக்குத் தெரியவா போகுது?"

அது நல்ல யோசனை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. யாருக்கும் காயம் இல்லை, நேரம் தவறாது, மாமியின் வீட்டில் நிம்மதி. எனக்குக் கை நீட்டும் வேலை மட்டும்தான். உங்களுக்கும் இப்படி யோசனை சொல்ல ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார், அவர் பெரும்பாலும் அசல் பட்டு என்று சொல்லிப் புடவை வாங்கித் தந்தவராக இருப்பார். உருகிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உலைக்காரர் வார்த்தை ஒன்றுதான் சாட்சி. அந்த வார்த்தையை ஒரு முறை மாற்றிச் சொன்னால், கல்லுக்கும் இரும்புக்கும் நாம் எழுதிக்கொடுக்கும் அறிக்கையெல்லாம் என்ன மதிப்பு? இதெல்லாம் அப்போது இவ்வளவு அழகாகத் தோன்றவில்லை. "வேண்டாம் சார்" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

"லலிதா, அது என் சொம்பா?"

மாமா. நாற்காலி அலுத்துப்போய் எழுந்து வந்திருந்தார். மஞ்சள் கோட்டில் மிகச் சரியாகக் கால்நுனியை வைத்து நின்றார்.

மாமி சொம்பை முந்தானைக்குள் நகர்த்தினார். அது மறுபடியும் "களக்" என்றது.

"என் சொம்பைத் திருடிண்டு வந்து உருக்கறியா? எனக்குன்னு இந்த ஆத்துல இருக்கறதே அது ஒண்ணுதான்."

"பேச்சைப் பாரு! ரெண்டு பீரோ, ஒரு சாய்வு நாற்காலி, டிவி ரிமோட், எல்லாம் உங்களுதுதான். இது ஒண்ணுதான் என் உயிரை வாங்கறது."

"என் உயிருக்கு வெச்சிருக்கறது உன் உயிரை எப்படி வாங்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. முந்தானைக்குள் போன சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையிலேயே பயம். விக்கல் எடுக்கும்போது கேலிக்காக யாரும் கங்கை கேட்க மாட்டார்கள்.

அவரிடம் நேராகச் சொன்னேன். மூடியோடு போட முடியாது மாமா, போட்டால் இங்கே நிற்கிறவர்களில் சிலர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். திறந்தால்தான் போட முடியும். இல்லையென்றால் நீங்கள் வீட்டுக்கே எடுத்துப் போகலாம். சொம்பு உங்களுடையது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். உலை இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கும், அதற்கு மேல் காத்திருக்காது.

"திறந்தா நான் போயிடுவேனே அம்மா."

இந்த இடத்தில் எனக்கு விடை தெரியாது. தெரியாததை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. குருக்களிடம் "திறக்கலாமா?" என்று கேட்டால் அவர் சாஸ்திரம் பார்க்கப் போய்விடுவார். அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"குருக்களே, புது மணி வார்க்கறச்சே வந்தவங்க மேல கங்கை தெளிக்கற வழக்கம் உண்டா?"

குருக்கள் கைபேசியில் நேரத்தைப் பார்த்தார். உலையைப் பார்த்தார். "பேஷா உண்டு. தெளிக்காம எப்படி?" என்றார். அந்த வழக்கம் அந்த நொடியில்தான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

"ஆனா தெளிச்சா யாருக்கு..." என்று மாமா இழுத்தார்.

தனசேகருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார் நீ! இத்தினி பேர் மேல தெளிக்கப் போறாங்கோ. நா கீறேன், அய்யரு கீறாரு, இந்த செக்ரட்டரி சார் கீறாரு. உன்ன மட்டும் தேடிக்கினு வந்து இட்டுக்கினு போவும்னு இன்னா கேரண்டி? பெர்சு, லைன்ல நில்லு, முறைப்படி வரும்போது வரும்."

ராமநாதன் சார் இரண்டடி பின்னால் போனார்.

மாமா அவரைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. "நீ ஏன்யா பின்னாடி போறே? முன்னாடி வா, உனக்குத்தான் முதல் சொட்டு," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. எல்லோரும் மாமியின் முந்தானையைப் பார்த்தோம். மாமா இருமி முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். சொம்பைக் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"குடு லலிதா. நானே திறக்கறேன்."

பக்கத்து அறையில் சொம்பை வைஸ் பிடிப்பியில் இறுக்கினோம். தனசேகர் துளைக்கும் கருவியைப் பிடித்துக்கொள்ள, கைப்பிடியை இறக்கியது மாமா. ஈயம் சுருள் சுருளாக வந்தது. உள்ளே பாதிச் சொம்புக்கு மேல் தண்ணீர். பல வருடம் செம்பில் இருந்ததால் லேசாகப் பச்சை பூத்திருந்தது. பழக்கத்தில் மாமா உள்ளங்கையைக் குவித்தார்.

"குடிக்கக் கூடாது மாமா. குடிச்சா சொம்புக்கு நிஜமாவே வேலை வந்துடும்."

குருக்கள் அதை வாங்கி, எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்துப் போய், மாவிலையால் தெளித்தார். உலைக்கூடத்துக்குள் ஒரு சொட்டும் தெளிக்கக் கூடாது என்று நான் வாசலில் நின்று காவல் காத்தேன். தனசேகர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உலைப் பக்கம் போனார். சொல்லாமலே செய்தார். சொம்பை இரண்டாக அறுத்து, தட்டையாக்கி, உலர்த்தும் அடுப்பில் வைத்து, ஈரம் போனதைப் பார்த்த பிறகு எடுத்தோம்.

மாமிக்கு முகக்கவசம் மாட்டினேன். புடவையைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே, "ஒன்பது கஜம், நயம் பட்டு, என் கல்யாணத்துது. கொளுத்திப் பார்க்கணுமா?" என்றார். வேண்டாம் என்று மேலங்கியைப் போட்டுவிட்டேன். இடுக்கியின் நுனியைத் தனசேகர் தாங்க, பின்கோடியை மாமியும் மாமாவும் பிடித்தார்கள். மூடி விலகியது. செம்புத் தகடு ஆரஞ்சுக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. அந்தச் சத்தமின்மைக்காகத்தான் நமக்குச் சம்பளம்.

அச்சில் ஊற்றி முடித்தபோது குறித்த நேரம் தாண்டிவிட்டதா என்று ராமநாதன் சார் கவலையோடு கேட்டார். சொம்பைத் திறந்த நேரம்தான் கணக்கு என்றார் குருக்கள். ஆட்டோ ஏறும்போது மாமி காலியான மஞ்சள் பையை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். மாமாதான் தனசேகரைக் கூப்பிட்டு, "லைன்ல எனக்கு எத்தனாவது இடம்?" என்று கேட்டார்.

"கடேசி சார். செக்ரட்டரிக்கு அப்பால."

என் பட்டியலில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: மூடிய பாத்திரம், குழாய், உருண்டை என உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் அறுத்துப் பார்க்காமல் போடக் கூடாது. அதோடு, மேசையில் கடைசி ஆள் உள்ளே போகும்வரை ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் எழுந்து போனதால்தான் சொம்பு கோட்டைத் தாண்டி வந்தது. இந்த இரண்டும் பொத்தான் விஷயம், தனசேகரே சொல்லிவிடுவார். மற்றதற்கு வரி எழுத எனக்குத் தெரியவில்லை. முதலில் உலையை மூடுங்கள், பிறகு ஆளோடு பேசுங்கள், பேசும்போது பொய் சொல்லாதீர்கள். இவ்வளவுதான் எழுத வருகிறது.

இன்றைய நிலவரம்: மணி கோயிலில் தொங்குகிறது. பழையதைவிடச் சுருதி சற்றுத் தாழ்வு, செம்பு கூடியதால். இப்போது அதைக் கையால்தான் அடிக்கிறார்கள். மோட்டாரை ராமநாதன் சார் விற்றுவிட்டார். போன வாரம் மாமாவுக்குச் சளி பிடித்தது. மாமி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். கசக்கிறது என்று திட்டிவிட்டு, குடித்துவிட்டுத் தூங்கினார்.